ஐயாயிரம் டாலர் துவக்கும் ஒரு முயலும்

ஒரு பொருளை வாங்கினால் அதோடு நிறுத்தத் தெரியாதவன் நான். கைபேசிக்கு உறை, அந்த உறைக்கு இன்னொரு உறை என்று போகும். அப்படியிருந்தும் ஆக்லாந்தில் ஒருவரும் என்னைத் துவக்குக் கடைக்குள் போகாமல் தடுக்கவில்லை.

அலுவலக நண்பன் கிரெக், தன் பண்ணையில் முயல் தொல்லை, சுட வா என்றான். துப்பாக்கி உரிமம் எடுத்தேன். மனைவி சுகந்தி ஒன்றுதான் கேட்டாள்: "துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே ஊரை விட்டு வந்தனாங்கள். இஞ்சை காசு குடுத்து வாங்கப் போறியளோ?"

அதனால் முதல் வேலையாகச் சைலன்சர் பூட்டினேன். (அவளுக்காகத்தான் என்று இன்றும் சாதிக்கிறேன்.) பிறகு தொலைநோக்கி, அதன் விலை துவக்கின் விலையைத் தாண்டியது. இவ்வளவு நல்ல தொலைநோக்கிக்குச் தோளில் அணைக்கும் கட்டை சாதாரணமாக இருந்தால் மரியாதை இல்லை என்றார் கடைக்காரர். கட்டையை மாற்றினேன். பாரம் கூடியதால், முன்னால் ஊன்ற இரண்டு கால்களும் வாங்கினேன். ஆயிரத்து இருநூறு டாலர் துவக்கு ஐயாயிரத்தில் வந்து நின்றது. சுகந்தியிடம் சொன்ன கணக்கு அறுநூறு.

பண்ணைக்குப் போனோம். கிரெக்கின் மனைவி, பிடியில் பிளாஸ்டர் சுற்றிய ஒரு பழைய துவக்கோடு வந்தாள். நான் துவக்கின் கால்களை விரித்துத் திருகாணிகளை முறுக்கி முடிப்பதற்குள் நாலு முயல் சுட்டுவிட்டாள்.

கடைசியில் நானும் படுத்தேன். தொலைநோக்கியை உச்சத்துக்குத் திருகினேன். மண்ணிற ரோமம். ஒரு காது. குண்டை ஏற்றக் கை வைத்தபோது, கிரெக்கின் கை என் தோளில் விழுந்தது. அது எங்கள் நாய் என்றான், மிக மெதுவாக.

நிமிர்ந்து பார்த்தேன். வெறுங்கண்ணுக்கு அது சந்தேகமில்லாமல் நாயாகவே இருந்தது. வாலையும் ஆட்டியது.

துவக்கை வாங்கித் தன் வண்டிக்குள் பூட்டிவிட்டு, கிரெக் எனக்குத் தேநீர் தந்தான். திட்டியிருக்கலாம். முயலுக்கு உங்கள் மொழியில் என்ன என்று அவன் மனைவி கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன்.

மறு வாரமே விற்கப் போனேன். பூட்டின சாமான்களுக்கு விலை இல்லை, கட்டையை மாற்றியதால் துவக்குக்கும் விலை குறைவு என்றார் அதே கடைக்காரர். எண்ணூறுக்குக் கொடுத்தேன். சுகந்தி, இருநூறு இலாபம் என்று சந்தோஷப்பட்டாள்.

கிரெக் வீட்டார் நாயின் பெயரை மாற்றிவிட்டார்கள். இப்போது அது 'முயல்'. இந்த நாட்டில் தமிழ் வாழுமா என்று யாராவது கவலைப்பட்டால், சுகந்தி என்னைக் காட்டுவாள்.

"எங்கட பிள்ளையள் தமிழில கூப்பிட்டா இங்கிலிஷிலதான் மறுமொழி சொல்லுதுகள். இவரின்ர நாய் ஓடி வருது."