சங்கு மாமாவின் தலைக்கணக்கு

நவம்பர் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு இருபது, கொட்டும் மழை. எங்கள் மயிலாப்பூர்க் குடியிருப்பின் லிஃப்ட், தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவில் என்னோடு நின்றுவிட்டது. ஆட்களை எண்ணுவதில் சங்கு மாமாவுக்கு இணை இந்த உலகத்தில் இல்லை என்று அன்றுதான் ஒப்புக்கொண்டேன். மாத்திரையை இரண்டு முறை எண்ணி விழுங்குகிற நான் சொல்கிறேன்.

ஓய்வுபெறும்வரை மாமா இருந்தது, மலையடிவாரச் சோளக்காட்டுக்கு நடுவே ஓர் ஆலைக்காகக் கோடு போட்டுக் கட்டிய ஊர். எல்லா வீடும் ஒரே அச்சு. ஆலைச் சங்கு விட்டுவிட்டு ஊதினால் வாயுக் கசிவு. மலைமேல் தண்ணீர்த் தொட்டிக்கு எல்லோரும் ஏற வேண்டும். தலைக்கணக்கு சரியாகும்வரை யாரும் இறங்கக் கூடாது. எண்ணுவது மாமா. ஓர் ஒத்திகையில் ஒருவர் குறைந்தாரென்று தெருவையே வெயிலில் நிறுத்திவைத்தாராம். குறைந்தவர் பக்கத்து டவுனில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே வந்தும் மாதாமாதம் விசில் ஊதி எங்களை வெளியே துரத்துவார். மயிலாப்பூரில் மலை கிடையாது. எதிரே இருந்த இஸ்திரி வண்டியை மலையாக வைத்துக்கொண்டார். அதிகம் முறைத்துக்கொண்டவன் மூன்றாவது மாடிக்காரனான நான்தான்.

அன்று மீட்டர் பலகையில் தண்ணீர் இறங்கிப் புகைந்தது. மின்சாரம் போனது. விசில் கேட்டது. எல்லோரும் இஸ்திரி வண்டிக்கு ஓடினார்கள். லிஃப்டுக்குள் புகை ஏறியது. போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. கத்தினால் இருமல்தான் வந்தது. மழையை மீறி அவர்கள் கத்தியது மட்டும் எனக்குக் கேட்டது.

"ஒண்ணு குறையுது," என்றார் மாமா.

"நாலு தரம் எண்ணியாச்சு. எல்லாரும் நனைஞ்சுண்டு நிக்கறோம்," என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அம்மாள்.

"மூணாவது மாடி சார் எங்க?"

"அவரு அடையார்ல பொண்ணு வூட்டுக்குப் போய்க்கினு இருப்பாரு, மாமா," என்றான் காவலாளி.

"போனதை நீ பாத்தியா?"

"பாக்கல."

"சினிமாவுக்குப் போயிருப்பார்," என்றார் யாரோ. சிரிப்பு. எனக்குக் கண் எரிந்தது. சட்டை நுனியை மூக்கில் அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மெயினை அணைச்சாச்சு. புகை அடங்கினதும் ஆத்துக்குப் போகலாம்," என்றார் செயலாளர்.

"கணக்கு சேராம யாரும் நகரக் கூடாது. கரன்ட் போனப்ப லிஃப்ட் எங்க நின்னுது?"

மாமாவின் விசில் லிஃப்ட் கதவை நோக்கி நெருங்கி வந்தது.

"கடப்பாரை எடுப்பா."

"கதவு புதுசு, மாமா. யார் பணம் தர்றது?" என்றார் செயலாளர்.

தகடு மடங்கும் சத்தம்தான் வந்தது. உள்கதவை நான் நெட்டித் தள்ளினேன். என் காலடியில், விசிலைக் கடித்தபடி நனைந்த வழுக்கைத் தலை.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

மாமா தெருப்பக்கம் திரும்பினார். "இருபத்தாறு. சரியா இருக்கு. எல்லாரும் மலையை விட்டு இறங்கலாம்."

கதவை உடைத்தவரே பணம் கட்ட வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் பேச்சு வந்தது. மாமா செக் புத்தகத்தைப் பிரித்தார். அதை மூடி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு என் செக்கை நான் எழுதினேன்: பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய், பேரம் பேசாமல்.