யாவ் அமான்குவா ஒலிமீட்ட படலம்

வாழ்க யாவ் அமான்குவா! குமாசி மாநகரின் தாஃபோ வட்டாரத்தில், துருவேறிய கப்பல் சரக்குப்பெட்டி ஒன்றுக்குக் கதவும் சன்னலும் வெட்டி, 'அமான்குவா மல்டிமீடியா' என்று நீலச் சாயத்தில் நாமம் தீட்டி, திருமணமும் திருமரணமும் படம்பிடித்துத் தரும் பெருந்தொழில் பூண்டவன். கேட்காத கேள்விக்கும் விடை வழங்கும் வாக்குவள்ளல். செய்முறைக் கையேட்டின் முதற்பக்கம் கண்டவுடனே கடைசிப் பக்கத்தை ஊகித்துவிடும் நுண்மதியோன். அவன் புகழ் பாடப் புகுந்த என் நாவுக்கு மின்சாரம் என்னும் தேவி, அவளுக்கு மனமிருந்தால், துணைநிற்பாளாக. பாடி முடிக்கும்வரையாவது நிற்கட்டும்.

போருக்குக் காரணம் ஒரு வாய்ச்சொல். தேவாலயப் பாடகர் குழுவின் முன்னணிக் குரலான செர்வாவின் தந்தை இறந்துபோயிருந்தார்; வரும் சனிக்கிழமை ஈமச்சடங்கு. அவர் உயிரோடிருந்த காலத்தில் மகளோடு சேர்ந்து ஒரு தோத்திரப் பாடலைப் பாடிப் பதிந்திருந்தார். பதிவு செய்த இளைஞனோ, குரல்களைத் தனித்தனியே போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கனடாவுக்கு விமானம் ஏறிவிட்டான். அந்தக் கோப்பு மேக் கணினியில் மட்டுமே திறக்கும். அந்த மனிதரின் குரல் உலகில் வேறெங்கும் இல்லை. ஒத்திகையின்போது செர்வா இதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் குழுவின் பின்வரிசையிலிருந்து நம் வீரன் எழுந்தான். சபை நடுங்க, ஆர்கன் வாசிப்பவர் திடுக்கிட, முழங்கினான்: "மேக்கா? எங்கிட்ட இருக்கே! கொண்டா அதை, நான் பாத்துக்கறேன்!"

அவனிடம் மேக் இல்லை. இருந்தது ஒரு கிழட்டு விண்டோஸ் மடிக்கணினி. கீல் தளர்ந்தது, ஆங்கில 'ஈ' பொத்தான் உதிர்ந்தது, மின்கலம் செத்துப்போனதால் சுவரிலிருந்து வடத்தை உருவினால் அக்கணமே மூர்ச்சை அடைவது. அதன் முதுகில் கடித்த ஆப்பிள் ஒட்டுப்படம் ஒன்றை அவன் என்றோ ஒட்டிவைத்திருந்தான் என்பது உண்மை. இரண்டு தெரு தள்ளிக் கிங்ஸ்லியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அசல் மேக் ஒன்று இருந்ததும், கேட்டிருந்தால் அவன் சிரித்த முகத்தோடு திறந்து கொடுத்திருப்பான் என்பதும் அதே அளவு உண்மை. ஆனால் கிங்ஸ்லியிடம் போய் நிற்பதா! மானம் என்று ஒன்று இருக்கிறதே.

ஆகவே இணையத்தில் அதற்கென்றே வாழும் கூட்டத்தாரின் வழியைப் பின்பற்றி, மேக் இயங்குதளத்தை அக்கிழட்டுக் கருவிக்குள் கள்ளத்தனமாகக் குடியேற்றினான். இத்தகைய கள்ளக் குடியேற்றத்துக்கு ஒரு தரகன் வேண்டும். 'நீ அசல் மேக்தான், பயப்படாமல் எழுந்திரு' என்று கணினியின் காதில் ஒவ்வொரு முறையும் பொய்சொல்லி எழுப்பும் சிறு நிரல் அது. அந்தத் தரகன் ஒரு சிவப்புப் பென்டிரைவில் குடியிருந்தான். கணினிக்கு உயிர் வந்தது. திரையில் வெள்ளை ஆப்பிள் உதித்தது. செர்வாவின் கோப்பும் திறந்தது. குரல்களின் அலைவரிகள் மலைத்தொடர்போல் விரிந்தன. இயக்கினான்.

சத்தமே இல்லை.

கேளீர், பெருமக்களே, அந்த ஊமைக் கருவியின் கொடுமையை! ஒலிச்சில்லுக்கு ஏற்ற எண்ணை அமைப்புக் கோப்பில் எழுதினால்தான் அது வாய் திறக்கும். எந்த எண் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வோர் எண்ணாக எழுதி, சேமித்து, அணைத்து, மீண்டும் எழுப்பி, காதைத் தீட்டி, ஏமாந்து, அடுத்த எண்ணை எழுத வேண்டும். எண்ணுக்கு முன்னே வரும் கட்டளையில் 'ஈ' உண்டு; அந்தப் பொத்தான் இருந்த குழிக்குள் தீக்குச்சியைவிட்டு அழுத்தி எழுத வேண்டும். ஓர் எண்ணுக்குத் திரை கறுத்தது. ஓர் எண்ணுக்கு விசிறி ஊளையிட்டது. ஓர் எண்ணுக்கு ஒலி வந்தே விட்டது என்று துள்ளி எழுந்தான்; வந்தது பக்கத்துப் பெட்டிக்கடை ஹாஜியா மெமுனாத்துவின் வானொலி.

அவள் வாச்சே விற்பவள். அரிசியும் காராமணியும் அவள் அண்டாவில் செந்நிறமாக வெந்து மணக்கும். இலையில் ஒரு பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு வந்து எட்டிப்பார்த்தாள்.

"ஏண்டா யாவ், காலையிலேர்ந்து அதை அணைக்கிற, போடற, அணைக்கிற, போடற. கரண்ட்டுக்காரனே உன்னைப் பாத்துத்தான் கத்துக்கிட்டானா?"

"ஹாஜியா, இது மேக். உங்களுக்குப் புரியாது."

"மேக்கா? போன வாரம்வரைக்கும் விண்டோஸ்னு கெடந்துச்சே. நடுவுல எப்படா ஞானஸ்நானம் கொடுத்த? சரி சரி, சாப்பிட்டுட்டுச் சண்டை போடு. ஷிட்டோ காரச்சட்னி தனியா வச்சிருக்கேன், விசைப்பலகைல கொட்டிக்காத."

வீரன் உண்டான், கைபேசியில் அறிஞர் மன்றம் புகுந்தான். அங்கே அவனைப் போலவே அதே கருவியோடு, அதே ஊமைச் சில்லோடு, என்றோ ஒருவன் ஓலமிட்டிருந்தான். பதிலளித்த முனிவர்களில் ஒருவர் 'முதலில் கையேட்டைப் படி' என்று அருளியிருந்தார். இன்னொருவர் 'இது முன்பே கேட்கப்பட்டது' என்று மொழிந்து, எங்கே என்று சொல்லாமல் வான்வழி மறைந்திருந்தார். கடைசியில் ஓலமிட்டவனே வந்து எழுதியிருந்தான்: 'சரியாகிவிட்டது, நன்றி.' எப்படிச் சரியானது என்று அந்தப் பாவி எழுதவில்லை. யாவ் அவனை, அவன் பெற்றோரை, அவன் இனிப் பெறப்போகும் பிள்ளைகளை எல்லாம் அசாந்தே மொழியின் முழு வளத்தோடும் வாழ்த்தினான்.

இடையிடையே தேவி தன் திருவிளையாடலையும் நிகழ்த்தினாள். டும்சோர் என்று இந்நாட்டார் செல்லமாக அழைக்கும் மின்வெட்டு, அவன் சரியாகச் சேமிக்கப்போகும் நொடி பார்த்து வந்தது. தெருவெங்கும் "ஆவ்!" என்ற பெருமூச்சு எழும், யாவின் பெட்டிக்குள்ளிருந்து மட்டும் வேறு சொல் எழும். இப்படியே செவ்வாய் போய், புதன் போய், வியாழனும் வந்துவிட்டது. செர்வா வாசலில் நின்றாள்.

"யாவ் அண்ணே, கேக்க சங்கடமாத்தான் இருக்கு. அப்பா குரல் வந்துடுமா? வரலைன்னா இப்பவே சொல்லிடுங்க. கிங்ஸ்லி கிட்டயாச்சும்..."

"கிங்ஸ்லியா!" என்று இடிமுழங்கினான் யாவ். "செர்வா, சனிக்கிழமை உன் அப்பா பாடுவார். இல்லைன்னா நான் வீடியோ எடுக்கறதையே விட்டுடறேன்!"

அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு, சொல்லத்தான் வேண்டும், யாவுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. இதுவரை போட்டதெல்லாம் தன் மானத்துக்கான சண்டை. அந்தப் பெண்ணுக்கு அது அப்பா. கிங்ஸ்லியின் தெருப் பக்கம் இரண்டடி எடுத்துக்கூட வைத்தான். பிறகு, இன்னும் ஒரே ஓர் எண் பார்த்துவிட்டுப் போகலாம் என்று திரும்பிவந்து, தீக்குச்சியைக் கையிலெடுத்தான்.

அந்த எண்ணுக்கு ஊமை பேசியது! ஒலிபெருக்கியிலிருந்து ஒரு முதியவரின் தடித்த குரல் எழுந்து, ஆண்டவனைத் துதித்து, நடுச்சரணத்தில் "க்ஹும்" என்று இருமி, மீண்டும் துதித்தது. யாவ் நாற்காலிமேல் ஏறி ஆடினான். ஹாஜியா கரண்டியோடு ஓடிவந்தாள். அவனைக் கண்டு அவளும் சிரித்தாள்.

வெள்ளியன்று குரல்களை இணைத்துப் பாடலை முடித்தான். செர்வா அங்கேயே உட்கார்ந்து கேட்டு அழுதாள். சடங்குப் பந்தலின் ஒலிக்காரன் பென்டிரைவில் கொடுத்தால்தான் வாங்குவான். மேக்கில் இணையமும் இன்னும் வேலைசெய்யவில்லை. வெற்றிக்களிப்பில் மிதந்த வீரன் மேசையைத் துழாவினான். கைக்கு வந்தது சிவப்புப் பென்டிரைவ். கணினிதான் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறதே! உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்தெறிந்து, பாடலை ஏற்றி, இந்நாட்டு முறைப்படி வலக்கையால், ஒரு மன்னன் ஊரைத் தானம் கொடுப்பதுபோல் கொடுத்தான்.

தரகனைக் கணினியின் உள்தட்டிலும் குடியேற்றிவிட்டு அப்புறம்தான் பென்டிரைவைத் தொட வேண்டும் என்பது கையேட்டின் கடைசிப் பக்கம். நம் வீரன் ஊகித்துவைத்திருந்த கடைசிப் பக்கத்தில் அது இல்லை.

செர்வா தெருமுனை திரும்பினாள். டும்சோர் வந்தது. மின்சாரம் மீண்டபோது திரை கறுப்பாக நின்று, துவக்குவதற்கு ஒன்றும் இல்லை என்று வெள்ளெழுத்தில் சொன்னது. வாய் பிளந்து நின்ற யாவைக் கண்ட ஹாஜியா மெல்லக் கேட்டாள், "என்னடா, மறுபடியும் மதம் மாறிருச்சா?"

சனிக்கிழமை, கறுப்பும் சிவப்பும் உடுத்திய பெருங்கூட்டத்தின் நடுவே, ஆளுயர ஒலிபெருக்கிகளிலிருந்து அந்த முதியவர் பாடினார். இருமல் வந்த இடத்தில் கூட்டம் முழுதும் அழுதுகொண்டே சிரித்தது. பாடகர் குழுத் தலைவர் யாவின் தோளில் தட்டினார்.

"பிரமாதம்ப்பா! நாளைக்கு ஆராதனையிலயும் போடணும், அந்த இருமலை மட்டும் வெட்டிக் கொடுத்துடு. உன் மேக்ல அரை நிமிஷ வேலைதானே?"

யாவின் முதுகில் வேர்வை ஆறு புறப்பட்டது. உலகத்துக்கே விடை வழங்கிய வாக்குவள்ளல் கேமராவைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டான்.

"அதைத் தொடாதீங்க," என்றாள் செர்வா. "பாட்டை யார் வேணா பாடலாம். அந்த இருமல்தான் எங்கப்பா. அண்ணே, இந்தப் பென்டிரைவை நானே வச்சுக்கட்டுமா?"

யாவ் அமான்குவா நெஞ்சு நிமிர்த்தி, கை உயர்த்தி, திசையெட்டும் கேட்க முழங்கினான்: "வச்சுக்கோம்மா! இருமலை வெட்டறவன் கலைஞனே இல்லை! நான் அப்பவே அப்படித்தான் முடிவு பண்ணிட்டேன்!" கூட்டம் அவனை வியந்தது. கிங்ஸ்லியும் வந்து கைகுலுக்கினான்.

திங்கட்கிழமை அவன் மறுபடியும் விண்டோஸ் போட்டான். சத்தம் முதல் தடவையே வந்தது.