குளிர் நாட்டுச் சட்டை

ஆடைத் தொழிற்சாலையில் பதினெட்டுக் கதிரைகள் காலி. ஆள் எண்ண வரும் வரி அதிகாரியின் ஜீப்போ தெரணியகலைச் சந்தியைத் தாண்டிவிட்டது.

"ஐம்பது பேர் வேல செய்யாட்டி வரிச் சலுகைய வெட்டிருவாங்க. பெக்டரிய மூடத்தான் வரும்," என்று சொல்லிவிட்டு, முதலாளி ஸம்சுதீன் நெஞ்சைப் பிடித்தபடி அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

போன மாதம்தான் சுப்பவைசரான ஷாமிளாவுக்கு அழுகை முட்டியது. வேலைக்கு வராத பதினெட்டுப் பிள்ளைகளும் கூட்டாளி ஹபீஸாவின் கல்யாணத்துக்காகப் பெல்மதுளையில் பிரியாணி தின்றுகொண்டிருந்தார்கள்.

மேலே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு ஓடினாள். வெயிலில் கொழுந்து இல்லை. பெண்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். கொழுந்து பறிக்கும் சின்னம்மா தன்னோடு சேர்த்துப் பதினெட்டுப் பேரைத் திரட்டிக்கொண்டு வந்தாள்.

"சும்மா உக்காந்தா போதும் அக்கா. மெஷின தொட்ராதீங்க!"

"கைய கட்டிக்கிட்டு உக்காந்து நமக்குப் பழக்கமில்லடி," என்ற சின்னம்மா மெஷினின் மிதியை ஒரே மிதியாய் மிதித்தாள்.

அதிகாரி வந்தார். காதில் பேனா. காற்சட்டையை, முழங்கால்வரை இழுத்த கால்மேசுக்குள் செருகியிருந்தார். கொழும்பில் இதுதான் இப்போது நாகரிகம் போலும் என்று ஷாமிளா நினைத்துக்கொண்டாள்.

அவர் சின்னம்மா தைத்த சட்டையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கையும் நுனியில் மூடித் தைத்திருந்தது.

"இது என்ன?"

"வெளிநாட்டு ஓடர் சேர். குளிர் நாடு. கைய வெளியில எடுக்கவே மாட்டாங்க," என்றாள் ஷாமிளா.

"அப்ப எப்பிடிச் சாப்பிடுவாங்க?"

"ஊட்டி விடுவாங்க சேர்."

அவர் அடுத்த வரிசைக்கு நகர்ந்ததும் ஷாமிளா கிசுகிசுத்தாள்: "கோணலாத் தச்சதெல்லாம் மூட்ட கட்டுங்க, சீக்கிரம்!"

மூட்டை கட்டி முடிந்த நேரம் தோட்டத்தில் மத்தியானச் சங்கு ஊதியது. சங்கு ஊதினால் கணக்கப்பிள்ளையிடம் கொழுந்து நிறுக்க வேண்டும். அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். பதினெட்டுப் பெண்களும் சடாரென்று எழுந்து, மூட்டையை முதுகில் போட்டு, அதிகாரி முன்னால் வரிசையாய் நின்றார்கள்.

ஷாமிளா கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு. வேலை, பெக்டரி, எல்லாம் போச்சு.

"பதினாலு கிலோ!" என்று அதிகாரியின் குரல் கேட்டது. "தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சாச்சு. அடுத்த ஆள் வா!"

"மழையே இல்லீங்களே ஐயா! என்னாத்துக்குக் கழிக்கிறீங்க?" என்று சின்னம்மா சண்டைக்குப் போனாள்.

ஷாமிளா கண்ணைத் திறந்தாள். அதிகாரி காதுப் பேனாவைக் கையில் எடுத்தபடியே விறைத்துப்போய் நின்றார்.

வாசலில் நின்ற ஜீப் டிரைவர் அஸீஸ் தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சிக்காதீங்க தங்கச்சி. எங்க வரிக் கந்தோர்லயும் இன்னிக்கி வேலைக்கு ஆள் பத்தல்ல. யட்டியாந்தோட்டப் பக்கத்துல ஒரு தேயிலத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையத்தான் இரவலுக்கு வாங்கிட்டு வந்தோம்."