பச்சையாய் எரிந்த எடைக்கல்

காலைக் கூட்டத்துக்கு அந்த லிப்ட் கம்பெனியின் கூடத்தில் நிற்க இடமில்லை. உட்காரவும் வழியில்லை, நாற்காலிகளையெல்லாம் தூக்கி வெளியே போட்டாயிற்று. உட்கார்ந்தால் புத்தியும் உட்கார்ந்துவிடும், நின்றால்தான் ஓடும் என்று குரு சொல்லியிருந்தார். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

குரு என்றதும் தாடி வளர்த்தவரைத் தேடாதீர்கள். மழமழவென்ற முகம், வெள்ளை ஷூ, காதோரம் ஒரு மைக், கையில் எப்போதும் போன். வாயைத் திறந்தால் அஜைல் என்கிற வேக மந்திரம், மூடினால் டிஜிட்டல் மாற்றம். பக்கத்துக் கம்பெனி முதலாளி ஒரு குருவை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, நம் முதலாளியும் ஒருவரைக் கொண்டுவந்தார். அவர் செய்த ஆராய்ச்சி அவ்வளவுதான்.

குருவின் அற்புதம் ஒரு பேட்ஜ். எல்லோர் கழுத்திலும் தொங்கியது. நடுவில் சின்ன விளக்கு. போட்டிருப்பவரின் நாடியையும் நினைப்பையும் அது படிக்குமாம். மாற்றத்தை ஏற்கிற மனம் என்றால் பச்சை, அடம்பிடிக்கிற மனம் என்றால் சிவப்பு. மூன்று தடவை சிவந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"உங்க மனசை நீங்க மறைக்கலாம். பேட்ஜுகிட்ட மறைக்க முடியாது" என்றார் குரு. கூடமே கை தட்டியது. தட்டாவிட்டால் சிவந்துவிடுமோ என்ற பயத்தில் சிலர் இரண்டு மடங்கு தட்டினார்கள்.

பயம் வந்தால் புத்திக்கு அங்கே என்ன வேலை? வேகமாக நடந்தால் பச்சை நிலைக்கும் என்று ஒருவன் கிளப்பிவிட்டான். மறுநாளிலிருந்து ஆபீஸில் ஒருவரும் நடக்கவில்லை, ஓடினார்கள். கணக்குப் பிரிவில் ஒருவர் பேட்ஜைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினார். எல்லோரும் படித்தவர்கள். அதைத்தான் சொல்ல வாய் கூசுகிறது.

கூட்டத்தின் கடைசி வரிசையில் கை கட்டி நின்றாள் எடைக்காரம்மா. கீழ்த்தளத்துச் சோதனைப் பிரிவின் தலைமை இன்ஜினியர். புது லிப்டில் ஆள் ஏறுவதற்கு முன்னால் எடைக்கற்களை ஏற்றிப் பார்ப்பது அவள் வேலை. பேர்தான் கல், எல்லாம் இரும்பு. அந்த வேலையால்தான் அவளுக்கு அந்தப் பெயர்.

அவள் கண் குருவின் மேல் இல்லை, இரண்டு வரிசை முன்னால் நின்ற தன் புருஷன்மேல் இருந்தது. அவர் அதே கம்பெனியில் லிப்ட் இன்ஸ்பெக்டர். அவருக்கு ஏற்கெனவே இரண்டு சிவப்பு. ஒரு மணி நேரம் பார்க்க வேண்டிய லிப்டைக் கால் மணியில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று குரு சொன்னபோது, "அது எப்படிங்க முடியும்?" என்று கேட்டுவிட்டார். கேட்டு வாயை மூடுவதற்குள் பேட்ஜ் சிவந்தது. அடுத்த வாரம் ஒரு லிப்ட் ஆட்களோடு நடுவழியில் நின்றது. "அதைக் கால் மணியிலதானே பாத்தோம்?" என்றார். மறுபடியும் சிவப்பு. லிப்ட் ஏன் நின்றதாம்? பழைய மனமுள்ளவர்கள் தொட்ட லிப்டாம். குரு சொன்னார், கூடம் தலையாட்டியது.

அன்று சாயங்காலம் வீட்டில் மனுஷன் கண்ணாடி முன்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"பழகுறேன்."

"எதை?"

"சந்தேகப்படாம இருக்க. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி லிப்டுக்குக் கையெழுத்துப் போடணும். மனசுல லேசா சந்தேகம் வந்தாலும் பேட்ஜ் கண்டுபிடிச்சிடும். மூணாவது சிவப்பு."

"கால் மணி நேரம் பாத்துட்டா கையெழுத்து?"

"வேற வழி? நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலை போனா வீடு என்னாகும்னு யோசிச்சியா?"

"அந்த லிப்ட்ல ஏறப்போறது நோயாளிங்க. படுக்கையோட ஏறுவாங்க. அதை யோசிச்சீங்களா?"

அவர் கண்ணாடியிலிருந்து திரும்பினார். பல்லை மூடிக்கொண்டார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தப்பான போல்ட்டைத் தொட்டே சொல்லுகிற மனுஷன், ஒரு குட்டி விளக்குக்குப் பயந்து கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டிருக்கிறார்.

"நான் ஒண்ணு கவனிச்சேங்க" என்றாள். "சந்தேகப்பட்டவங்களுக்குச் சிவக்கலை. வாயைத் திறந்து கேட்டவங்களுக்குத்தான் சிவந்துச்சு. நான் முதல் நாள்லேர்ந்து சந்தேகப்படுறேன். எனக்குப் பச்சை."

"அது மெஷின்மா. அதுக்குத் தெரியும்."

"தெரியுதான்னு பாத்துடுவோம்."

மறுநாள் அவள் குருவின் மேசைக்குப் போய், "கீழ்த்தளத்துக்குப் புதுசா ஒரு ஆள்" என்று ஒரு பேட்ஜ் கேட்டாள். ஆள் யார், என்ன வயது, ஒன்றும் கேட்கவில்லை. அடம்பிடிக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். கேள்வி கேட்காத இடத்தில் வேலை சுலபமாகத்தான் நடக்கும்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முதலாளியும் வந்து நின்றார். பெரிய திரையில் எல்லோருடைய நிறமும் வரிசையாக எரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அசையாத பச்சையில், கீழ்த்தளப் புது ஆள்.

"பாருங்க" என்றார் குரு. "வந்து கொஞ்ச நாள்தான். ஒரு தடவைகூடச் சிவப்புப் பக்கம் போகலை. மாற்றத்துக்குப் பிறந்த மனசு."

"யாருங்க அது? நான் பாத்ததே இல்லையே" என்றார் முதலாளி.

"நான் நேத்துக்கூட அவரோட பேசினேன். கண்ணுல ஒரு நெருப்பு இருக்குங்க. நாளைக்கு ஒரு பிரிவையே அவர் கையில கொடுக்கலாம்."

"வரச்சொல்லட்டுங்களா ஐயா?" என்றாள் எடைக்காரம்மா, பவ்யமாக. முதலாளி தலையசைத்தார். அவள் கீழே போன் போட்டாள்.

லிப்ட் கதவு திறந்தது. இரண்டு பேர் மூச்சு வாங்க ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டியில் துருப்பிடித்த ஓர் எடைக்கல். அதன் கொக்கியில் பேட்ஜ், பச்சைப் பசேலென்று.

பின்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இவர்தாங்க ஐயா" என்றாள். "நாடி கிடையாது, நினைப்பு கிடையாது. நாலு பேர் தூக்காம நகர மாட்டார். நேத்து எங்கே வச்சுப் பேசினீங்க குரு? நெருப்பு எந்தக் கண்ணுலன்னு சொன்னா நாங்களும் பாப்போம்."

முதலில் தள்ளிவந்தவர்கள் சிரித்தார்கள். அப்புறம் கணக்குப் பிரிவு.

"இரும்பு பட்டா சிக்னல் குழம்பும்" என்றார் குரு. பேசும்போதே கட்டைவிரல் போன்மேல் போனது. எடைக்காரம்மாவின் பேட்ஜ் சிவந்தது.

"சரிங்க, குழம்பட்டும்" என்றாள். "ஐயா, அந்தப் போனைக் கொஞ்சம் வாங்கி நீங்க வச்சுக்கோங்க. இரும்பையும் வெளியே தள்ளிடுறோம். அப்புறம் கேள்வி கேட்டுப் பாப்போம்."

முதலாளி கையை நீட்டினார். குரு கொடுக்க யோசித்த அந்தக் கொஞ்ச நேரத்திலேயே பாதிப் பேருக்கு விஷயம் விளங்கிவிட்டது. மீதிப் பாதிக்கு விளங்க வைத்தவர் இன்ஸ்பெக்டர். போன் முதலாளி கைக்குப் போய், இரும்பும் வெளியே போனதும் அவர் முன்னால் வந்தார்.

"ஒரு மணி நேர வேலையைக் கால் மணியில எப்படிச் செய்யறது?"

எல்லோரும் அவர் கழுத்தையே பார்த்தார்கள். பச்சை. கொஞ்ச நேரம் காத்தும் பார்த்தார்கள். பச்சையேதான். ஒரு டைப்பிஸ்ட் பெண் கேட்டாள், நாற்காலியை ஏன் எடுத்தீங்க என்று. பச்சை. வாட்ச்மேன் கேட்டார். பச்சை. பிறகு கூடமே கேட்டது. அத்தனை நாள் அடைத்து வைத்த கேள்விகளெல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்தன; ஒரு கழுத்துகூடச் சிவக்கவில்லை. குரு போனைக்கூடத் திரும்பக் கேட்காமல் வாசல் பக்கம் நகர்ந்தார். அன்றுதான் அவரிடம் உண்மையான வேகத்தைப் பார்த்தார்கள்.

"எனக்கும் ஆரம்பத்துலேர்ந்தே ஒரு சந்தேகம் இருந்துச்சும்மா" என்றார் முதலாளி.

"அப்போ ஏங்க ஐயா கேக்கலை?"

முதலாளி குனிந்து பார்த்தார். அவர் கழுத்திலும் ஒரு பேட்ஜ் தொங்கியது.

அன்று மத்தியானம் இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரி லிப்டை ஒரு மணி நேரம் பார்த்தார். கூடவே எடைக்கற்களோடு அவளும் போனாள். கல்லை முழுக்க ஏற்றி மூன்றாவது மாடியில் நிறுத்தினார்கள். லிப்ட் நின்றது, அப்புறம் மெல்ல ஒரு முழம் கீழே சறுக்கியது. பிரேக் பிடிக்கவில்லை. காலையில் அவர் போடவிருந்த கையெழுத்து அதற்குத்தான். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடாத தாளைப் பார்த்தபடி படிக்கட்டில் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போட்டிருப்பேன்" என்றார்.

"போட்டிருப்பீங்க" என்றாள் அவள். ஆறுதலுக்காகப் பொய் சொல்லுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

பிரேக்கை மாற்றி, மறுபடி இரும்பை ஏற்றிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. வேறொரு கம்பெனியில் நம் குருவுக்கு இப்போது நல்ல கூட்டமாம்; அங்கே பேட்ஜ் இல்லை, மோதிரமாம். லிப்டில் கால் வைக்கும் முன்னால் இரும்பை ஏற்றிப் பார்க்கிற மனிதர்கள்தான் நாம். தலைக்குள் ஏறுகிறதை மட்டும் சோதிக்காமலே ஏறவிடுகிறோம். உங்கள் கழுத்தில் என்ன தொங்குகிறது என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். பச்சையாக எரிந்தால் இன்னும் நன்றாகப் பாருங்கள்.