கேம்ஷாஃப்ட் மாற்றிய மாப்பிள்ளை

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை அப்படியே ஓட விட்டுவிட்டுச் சும்மா உட்கார முடியாத மனிதர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடினால்கூடத் தலையைச் சாய்த்துக் கேட்டு, "சத்தம் சரியில்லையே" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். இந்த இனத்தின் முழு வளர்ச்சியைக் காண விரும்புகிறவர்கள் திருப்பூர் ராயபுரத்தில், பனியன் கம்பெனிகளுக்கு எலாஸ்டிக் பட்டி விற்கும் முபாஷிரிடம் வரவேண்டும்.

முபாஷிரிடம் ஒரு கார் இருந்தது. பழசுதான், ஆனால் தன் காலத்தில் வேகத்துக்குப் பேர் வாங்கிய ரகம். சாவியைத் திருப்பினால் கிளம்பும். பிரேக்கை மிதித்தால் நிற்கும். முபாஷிருக்கு இதுதான் பொறுக்கவில்லை.

"போகுது. ஆனா என்ஜின் மூச்சு விடமாட்டேங்குது" என்றார் மனைவி ரைசாவிடம்.

"காரு எதுக்குங்க மூச்சு விடணும்? ஏசி ஓடுதில்ல, போதும்" என்றாள் ரைசா.

பேதைப் பெண். என்ஜினின் தலைக்குள் கேம்ஷாஃப்ட் என்று ஒரு தண்டு சுழல்கிறது, அதன் மேடுகள்தான் வால்வுகளை அமுக்கித் திறக்கின்றன, மேடு பெரிதாக இருந்தால் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும், என்ஜின் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு பேய் மாதிரிப் பாயும் என்பதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிய வைத்தார். சாப்பிடும்போதும் தெரிய வைத்தார். ஆனால் ஒன்றை மட்டும் மென்று விழுங்கிவிட்டார்: இந்தப் பாய்ச்சல் எல்லாம், என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டரின் முள் ஐயாயிரத்தைத் தாண்டினால்தான். அதற்குக் கீழே என்ஜின் விக்கும். மூட்டை ஏற்றிய மொபெட்டுகளுக்கும் கம்பெனி வேன்களுக்கும் நடுவே ஊர்கிற திருப்பூரில் முள் ஐயாயிரத்தைத் தொட்டதுண்டா?

வேலம்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த யாசின் இதை எடுத்துச் சொல்லித் தடுத்திருக்கலாம். ஆனால் யாசினும் அதே இனம். ஒரே வித்தியாசம், அவர் அடுத்தவர் வண்டியில்தான் செய்வார். "பண்ணிரலாம் பாய்" என்றார் கண் பளபளக்க.

பழைய தண்டு வெளியே வந்தது, பெரிய மேடுள்ள புதியது உள்ளே போனது. சாவியைத் திருப்பியதும் வண்டி 'டுபுக், டுபுக்' என்று குளிர்க்காய்ச்சல் கண்டதுபோல் நின்ற இடத்தில் நடுங்கியது. இருவரும் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று முதல் திருப்பூரின் ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு நல்ல மனிதர் அவரது கண்ணாடியைத் தட்டினார். "ஏனுங்க, வண்டி மிஸ்ஸிங் அடிக்குதுங்க. பிளக்கைப் பாருங்க."

"மிஸ்ஸிங் இல்லீங்க, கேம் மாத்திருக்கேன்" என்று முபாஷிர் விளக்கத் தொடங்குவார். விளக்கி முடிப்பதற்குள் பச்சை விழும். வண்டி அணைந்துவிடும்.

இப்படியிருக்கையில் ரைசாவின் தங்கை ஆஃப்ரினுக்குத் தாராபுரத்தில் நிக்காஹ் வந்தது. அக்காவும் மச்சானும் வந்து நிற்காமல் சம்மதம் சொல்லமாட்டேன் என்று ஆஃப்ரின் ஏற்கெனவே அறிவித்திருந்தாள். ரைசா பஸ் என்றாள். முபாஷிர் சிரித்தார். "தாராபுரம் ரோட்டுலதான் இவன் யாருன்னு தெரியும்."

அவிநாசிபாளையம் வரை தெரியவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் அணைந்து, ஒவ்வொரு முறையும் கிளப்பிக் கிளப்பிக் கடைசியில் பேட்டரியும் படுத்துவிட்டது. பட்டுப்புடவையோடு ரைசா இறங்கி நிற்க, டீக்கடையில் இருந்தவர்கள் தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். போனில் யாசின் சொன்னார்: "பேட்டரி ஏறுற வரைக்கும் ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்காதீங்க பாய். ஓட்டிக்கிட்டே இருங்க."

அதன்பிறகு சாலை காலியாக இருந்தது. முள் ஐயாயிரத்தைத் தாண்டியது. அடடா, அந்தப் பாய்ச்சல். ரைசாவே கண்ணை மூடிக்கொண்டு, "நல்லாத்தானுங்க போகுது, கொஞ்சம் மெதுவா" என்றாள். முபாஷிரின் வாழ்க்கையில் அதைவிட இன்பமான கால் மணி நேரம் இல்லை.

பிறகு மண்டபம் வந்துவிட்டது.

வாசல் நிறைய சம்பந்தி வீட்டார். அவர்கள் முன்னால் வண்டி அணைந்து, அதை நாலு பேர் தள்ளுவதா? ஆக்சிலேட்டரை உறும மிதித்தபடியே ரைசாவை இறக்கிவிட்டு, பேட்டரி ஏறட்டும் என்று மண்டபத்தைச் சுற்ற ஆரம்பித்தார்.

உள்ளே ரைசாவின் தந்தை பாரூக் கேட்டார். "மாப்பிள்ளை எங்கம்மா?"

"வண்டி நின்னா கிளம்பாதுங்க அத்தா, அதான் சுத்திக்கிட்டு இருக்காரு."

யாரும் நம்பவில்லை; மூத்த மாப்பிள்ளை கோபித்துக்கொண்டார் என்றே முடிவுகட்டினார்கள். புருஷனின் கோபத்தைப் பற்றி எந்த மனைவி உண்மை சொல்லியிருக்கிறாள்? ஒரு பெரியவர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்: கல்யாணப் பத்திரிகையில் மூத்த மாப்பிள்ளை பெயர் விட்டுப்போயிருந்தது. முபாஷிர் அந்தப் பத்திரிகையைப் படித்ததே இல்லை. பாரூக்குக்கு முகம் வெளுத்தது. தெருவுக்கு ஓடினார்.

"மாப்ளே, பேரு விட்டது எங்க தப்புதானுங்க. இறங்கி வாங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா" என்றார் முபாஷிர். என்ஜின் அணையப் பார்த்தது. மிதித்தார். வண்டி சிங்கம்போல் கர்ஜித்துவிட்டுப் போனது.

"ஒண்ணுமில்லைங்கறாரு. அப்ப ரொம்பக் கோவம்" என்றார் பெரியவர்.

அடுத்த சுற்றில் சம்பந்தியும் கும்பிட்டபடி நின்றார். அதற்கடுத்த சுற்றில், நிக்காஹ் சாட்சிக் கையெழுத்தே மூத்த மாப்பிள்ளைதான் போடவேண்டும் என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு சமாதானத்துக்கும் கர்ஜனையே பதில். உள்ளே நிக்காஹ் நடத்த வந்திருந்த ஹஜ்ரத் கடிகாரத்தைப் பார்த்தார். மச்சான் வராமல் சம்மதம் கிடையாது என்று ஆஃப்ரின் அழத் தொடங்கினாள். புது மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர் கிளம்பிவிடச் செருப்பைத் தேடினார்.

அப்போதுதான் ரைசா தெருவின் நடுவே போய் நின்றாள். முபாஷிர் பிரேக்கை மிதித்தார். அவள் நேராக வந்தாள், ஜன்னலுக்குள் கையை விட்டாள், சாவியைத் திருப்பினாள். தெருவே அமைதியானது.

"இறங்குங்க."

இறங்கினார். கூட்டம் பெருமூச்சு விட்டது. "எப்படிப் பக்குவமா மனசை மாத்திட்டா பாரு" என்று பெண்கள் ரைசாவை மெச்சினார்கள். உண்மையைச் சொல்லிவிட முபாஷிர் வாயைத் திறந்தார். ஆனால் இத்தனை பேர் இத்தனை மரியாதையோடு தன்னைப் பார்த்து அவருக்குப் பழக்கமில்லை. முகத்தைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொண்டு அத்தனை பேரையும் பெருந்தன்மையோடு மன்னித்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்டார். முதல் பந்தியில் அவர் தட்டுக்குத்தான் பெரிய கறித்துண்டுகள் வந்தன.

சாயங்காலம் புது மாப்பிள்ளை உட்பட உறவினர்கள் எல்லோரும் தள்ளிப்பார்த்தார்கள். வண்டி அசைந்தது, கிளம்பவில்லை. முபாஷிரும் ரைசாவும் அரசுப் பஸ்ஸில் திரும்பினார்கள். ரைசா ஜன்னலோரம் தூங்கிப்போனாள். முபாஷிர் தூங்கவில்லை. பஸ் என்ஜினின் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். ஏதோ சரியில்லை என்று பட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் தலைக்கு மேலே ஓடுகிற மின்விசிறியில் இப்போது லேசாக ஒரு 'டிக், டிக்' கேட்கிறதல்லவா? போன வருடமும் அது இருந்தது. காற்று நன்றாகத்தான் வருகிறது. தயவுசெய்து அந்த ஸ்டூலை இருந்த இடத்திலேயே வையுங்கள்.