கரி ஒட்டாத மருந்து

பெண் கொடுக்கப்போகும் வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்தால் எதை வேண்டுமானாலும் தின்னலாம், எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். ஆனால் எழுந்து கை கழுவும் வரைக்கும் வாயைச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் திறக்க வேண்டும். இந்த ஞானம் எனக்கு வந்து சேர்ந்தபோது என் வலது புருவம் பாதி போயிருந்தது.

அந்த நாளில் பழவேற்காட்டில் என்னைவிடக் கெட்டிக்காரன் கிடையாது என்பது என்னுடைய சொந்த அபிப்பிராயம். (வேறு யாரையும் கேட்டதில்லை.) வாப்பா ஒல்லாந்தர் கோட்டைக்குத் துணி கொடுக்கும் வியாபாரி. மூட்டைகளோடு கோட்டை வாசல் வரைக்கும் நானும் போவேன். மூட்டை உள்ளே போகும், நான் வெளியே நிற்பேன். ஒல்லாந்தர்கள் வெடிமருந்து அரைக்கிற ஆலையின் சுவர் அங்கிருந்து நன்றாகத் தெரியும். அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்தே மருந்து விஷயமெல்லாம் எனக்கு அத்துப்படி ஆகிவிட்டதாக ஒரு நினைப்பு. சமையற்கட்டுச் சுவரை வெறித்துப் பார்த்தே பிரியாணி கற்றுக்கொண்டவன் எவனாவது இருந்தால் அவனும் நானும் உடன்பிறப்பு.

என் மாமா, அதாவது உம்மாவின் அண்ணன், கிழக்கே கடல் தாண்டி அச்சே துறைமுகம் வரைக்கும் கப்பல் கொண்டுபோகும் நகுதா. அவருடைய மகள் ஜைனபை எனக்குக் கட்டுவதாகப் பேச்சு. பேச்சு என்றால் இரண்டு வீட்டுப் பெண்களும் பேசிக்கொண்ட பேச்சுதான். மாமா இன்னும் தலையை ஆட்டவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு ஜைனப் மேல் உயிர். அவளுக்கு என் மேல் என்ன என்று கேட்கிற தைரியம்தான் வரவில்லை.

அந்த வருஷம் மாமா கப்பலிலிருந்து இறங்கியதும் விருந்து வைத்தார். இறாலை உரித்துக்கொண்டே கடலில் கொள்ளைக்காரர்கள் வந்த கதையை ஆரம்பித்தார்.

“மொத தபா சுட்டேன், வெடிச்சுது. ரெண்டாவது தபா, அதுவும் வெடிச்சுது. மூணாவது தோட்டாவ உள்ள தள்றேன், எறங்கவே மாட்டேங்குது! கொழாய் பூரா கரி. அடுப்பாங்கரைச் சொவரு தேவல. ஒருத்தன் கயித்தப் புடிச்சி மேல ஏறி வரான். இன்னா பண்றது? துப்பாக்கியயே அவன் மூஞ்சில வுட்டெறிஞ்சேன். மூக்குல பட்டு அவன் தண்ணில வுழுந்தான். அல்லா காப்பாத்தினான்.”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை.

“காத்து திரும்பறதுக்குள்ள நான் மறுபடி கெளம்பணும். எரிஞ்சா கரி ஒட்டாத மருந்தா வேணும். அத்தப் பாத்து வாங்கத் தெரிஞ்சவன் எவனாச்சும் இந்த ஊர்ல கீறானா?”

என் வாயில் அப்போது ஒரு பெரிய இறால் இருந்தது. பேசாமல் மென்றிருக்கலாம். பாழாய்ப்போன நான் அதை அப்படியே விழுங்கிவிட்டு, “எனக்குத் தெரியும் மாமா” என்றேன்.

வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. அது ஜைனப். அவள் கேட்கிறாள் என்று தெரிந்ததும் என் நாக்குக்கு இறக்கை முளைத்துவிட்டது. “ஆலை விஷயமெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு மாமா” என்றேன்.

“அப்டியா? சரி, நீயே பாத்து வாங்கி, தோட்டா கட்டி எடுத்தா. வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சதும் நம்ம வூட்டாண்ட கரைல சுட்டுப் பாப்போம். கழுவாம கொள்ளாம அஞ்சு தோட்டா வரிசையா எறங்கணும். எறங்கிச்சினா அன்னிக்கே நிக்காஹ்வுக்குத் தேதி வெச்சிடலாம்.”

“எறங்கலைனா மாமா?”

“வாயிருந்தா வங்காளம் போலாம்பாங்க. என் கப்பல் வாயால ஓடாது மாப்ளே. வெத்து வேட்டுக்கு என் பொண்ணு கெடையாது. பரங்கிப்பேட்டைலேந்து ஒரு எடம் வந்துகீது, அத்த முடிச்சிடுவேன்.”

அடுத்த இறாலை எடுத்தவன் அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

கோட்டை மருந்து வெளி ஆளுக்குக் கிடைக்காது. ஏரிக்கு வடகரையில் வெங்கையா என்று ஒரு தெலுங்கர் கடை வைத்திருந்தார். தோணி பிடித்துப் போனேன். “ரா நைனா, ரா!” என்று வாய் நிறையக் கூப்பிட்டு மூன்று பைகளை அவிழ்த்து வைத்தார். ஒன்றில் மருந்து மிளகு பருமன், ஒன்றில் கடுகு பருமன், ஒன்றில் கசகசா பருமன். நான் தாடையைத் தடவியபடி மிளகைக் காட்டினேன். பெரிசாக இருந்தால்தானே பலம்?

“நைனா, உன் மாமனாண்ட கீறது கைத்துப்பாக்கியா, பீரங்கியா?” என்றார் வெங்கையா.

“சும்மா உன்ன சோதிச்சேன்” என்று சமாளித்துவிட்டுக் கசகசாவுக்கு நகர்ந்தேன். அவர் வெள்ளைக் காகிதத்தில் ஒரு சிட்டிகை வைத்து நெருப்பைக் காட்டினார். ‘புஸ்’. மருந்து போன இடம் தெரியவில்லை. காகிதத்தில் ஒரு பொட்டுக் கறை இல்லை. பக்கத்தில் பழைய மருந்து ஒரு சிட்டிகை வைத்துக் கொளுத்தினார். அது சீறி, துப்பி, காகிதம் முழுக்கக் கரியைப் பூசிவிட்டு அணைந்தது. வித்தியாசம் குருடனுக்கும் தெரியும். நான் முதலாவதை எடுத்துக்கொண்டேன்.

“ஈரம் மட்டும் பட்டுடக் கூடாது நைனா.”

“எனக்கேவா?” என்றேன்.

திரும்பி வரும்போது தோணி மாமா வீட்டுப் பக்கமாக வந்தது. மாடியில் ஜைனப் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தோணி கரையைத் தட்டும் வரை காத்திருந்து இறங்குவதெல்லாம் சாதாரண ஆட்களுக்கு. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீரன் மாதிரி ஒரே தாவாகத் தாவினேன். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருக்கும் என்பது என் கணக்கு. தொப்புளுக்கு மேலே வந்தது. மருந்துப் பை என் மடியில் இருந்தது.

மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நானும் வேண்டுமென்றே குளித்த மாதிரி முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

மறுபடி வடகரைக்குப் போயிருக்கலாம். போனால் வெங்கையா சிரிப்பார், தோணிக்காரன் சிரிப்பான், விஷயம் ஊருக்குத் தெரியும். காயவைத்தால் போயிற்று என்று முடிவு செய்தேன். வீட்டு முற்றத்தில் பரப்பினேன். உம்மா, “அடுப்பு எரியற வூட்ல மருந்தா? எடுறா அத்த!” என்று துடைப்பத்தைத் தூக்கினாள். அப்போதுதான் கடலோரக் குப்பத்தின் நினைவு வந்தது. நல்ல வெயில், சுடுமணல், வரிசையாக ஓலைப் பாய்கள். மீனையே கல் மாதிரி காயவைக்கிற இடம், மருந்து எம்மாத்திரம்?

குப்பத்தில் அன்னம்மா காய்ந்த நெத்திலியை அப்போதுதான் பாயிலிருந்து வாரிக்கொண்டிருந்தாள். காக்காய் ஓட்டுகிறேன் என்று சொல்லி அந்தப் பாயை வாங்கி, பையைக் கொட்டிப் பரப்பினேன்.

“இன்னா சாயபு அது, கறுப்பா?”

உண்மையைச் சொன்னால் விரட்டிவிடுவாள். “கருஞ்சீரகம்” என்றேன்.

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் கொளுத்தும் வெயிலில் காக்காய் ஓட்டினேன். மருந்து மொறுமொறுவென்று காய்ந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது அன்னம்மா திரும்பி வந்தாள். வாயில் சுருட்டு. கனிந்து சிவந்த சுருட்டு!

“கருஞ்சீரகம் வாசனையே காணோமே?” என்று பாய்க்கு மேலே குனிந்தாள்.

“யா அல்லா! குனியாத!”

“இன்னாத்துக்குக் கத்தற? ஒரு புடி குடேன், கொழம்புல போட்டுப் பாக்கறேன்.”

“வாணாம்! இது கப்பல்ல வந்த சீரகம். வயித்தால போவும்!”

அதற்குமேல் அங்கே நிற்க எனக்கென்ன பைத்தியமா? பாயை நாலு மூலையும் சேர்த்துப் பிடித்து, இருந்ததையெல்லாம் அப்படியே பையில் கவிழ்த்துக்கொண்டு ஓட்டம் பிடித்தேன்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால் மருந்துக்குள் மினுமினுவென்று ஏதோ மின்னியது. மீன் செதிலும் நெத்திலித் துணுக்கும் உப்பும்தான், வேறென்ன? ஆனால் நிபுணன் கண்ணுக்கு அப்படியா தெரியும்? ‘உயர்ந்த சரக்கு, எப்படி மின்னுகிறது பார்!’ என்று பூரித்துப்போனேன். ஒரு சிட்டிகை கொளுத்திப் பார்த்திருக்கலாம். அதுதான் கடையிலேயே பார்த்தாயிற்றே! காகிதத்தைச் சுருட்டி, மருந்தும் குண்டும் வைத்து மடித்து, ஐந்து தோட்டாக்களைக் கட்டி ஜன்னலோரம் வைத்தேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் கடற்காற்று அடித்தது. கடற்காற்று பட்டால் உப்பு ஈரம் கசியும் என்று எங்கள் ஊரில் தவழும் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெள்ளை வெளேரென்று ஊரே கரையில் கூடிவிட்டது. குப்பத்து ஜனங்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். மாமா வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் பெண்கள். எனக்கு அந்தக் கூட்டம் போதவில்லை. நிக்காஹ்வுக்கென்று உம்மா பெட்டியில் வைத்திருந்த மஸ்லின் தலைப்பாகைத் துணியை அவளுக்குத் தெரியாமல் எடுத்து வந்திருந்தேன். அதை விரித்துத் துப்பாக்கி வாய்க்குப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லி இரண்டு மச்சான்களை நிறுத்தினேன்.

“இது இன்னாத்துக்கு?” என்றார் மாமா.

“ஒரு பொட்டுக் கரி ஒட்டாது மாமா. கிட்ட வந்து பாருங்க.”

மாமா துணிக்கு அருகில் வந்து நின்றார், பாவம்.

தோட்டாவை இறக்கினேன். கொஞ்சம் பிசுபிசுத்தது. ஏரியைப் பார்த்துக் குறிவைத்து விசையை இழுத்தேன். பொறி தெறித்து, துப்பாக்கியின் பக்கவாட்டுக் கிண்ணத்தில் பற்றவைக்க இட்டிருந்த மருந்து மஞ்சளாகச் சீறி என் புருவத்தை நக்கிவிட்டுப் போனது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. துப்பாக்கி யோசித்துக்கொண்டிருந்தது.

“கொழாய்க்குள்ள எட்டிப் பாக்காதடா!” என்று வாப்பா கத்தினார்.

‘டொப்.’

குண்டு நாலு முழம் போய்த் தண்ணீரில் விழுந்தது. வெடித்த சத்தத்தைவிட விழுந்த சத்தம் பெரிது. பின்னாலேயே வந்தது புகை. எண்ணெய்ப் புகை, கறுப்பு, கண்ணைக் கரித்தது. ஊரே இருமியது. புகை விலகியபோது மஸ்லின் துணி சோற்றுப் பானையின் அடி மாதிரி இருந்தது. மாமாவின் வெள்ளைத் தாடி இளமை திரும்பிக் கறுத்திருந்தது. தாடிக்கு நடுவில் பதமாக வறுபட்ட நெத்திலித் தலை ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சி, “ஆரு வூட்ல நெத்திலி வறுவல்?” என்று கேட்டார்கள். மாமா வீட்டுப் பூனை ஓடி வந்து மாமாவையே அண்ணாந்து பார்த்துக் கத்தியது. இவ்வளவும் போதாதென்று அன்னம்மா முன்னால் வந்து, “தோ பார்றா! இது நம்ம சாயபோட கருஞ்சீரகம்! என் மீன் பாய்லதான காய வெச்சாரு!” என்று உடைத்துவிட்டாள்.

மாமா துப்பாக்கியை வாங்கி இரண்டாவது தோட்டாவைத் தள்ளினார். பாதியில் சிக்கியது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கோபமாகக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் நிதானமாக, “பரங்கிப்பேட்டைக்கு ஆள் அனுப்புங்க” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. (புகையால் என்று அப்போது சொன்னேன். புகையால் இல்லை.) இனி ஜைனப் இன்னொருவன் வீட்டு மாடியில் துணி உலர்த்துவாள் என்று நினைத்தபோது நெஞ்சு வெடித்தது. அன்று சரியாக வெடித்தது அது ஒன்றுதான்.

“வாப்பா, ஒரு வார்த்த” என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. ஜைனபின் குரல்தான். கூட்டம் ஜன்னல் பக்கம் திரும்பியது.

“கப்பல்லேந்து நீங்க வந்ததும் அந்தக் கொழாயக் கழுவறது ஆரு?”

“நீதாம்மா.”

“எந்த ஊர் மருந்து எம்மாங் கரி ஒட்டும்னு சொரண்டிச் சொரண்டி எனக்குத் தெரியும். நீங்க அச்சேல வாங்கறது சுத்தக் கலீஜு. வடகரை மருந்துதான் சுத்தம். மச்சான் வடகரைத் தோணில வந்தத மாடிலேந்து பாத்தேன், வாங்கினது சரி, காய வெச்ச எடந்தான் தப்பு. நாளைக்கே வாங்கியாரச் சொல்லுங்க, நான் பாத்து எடுத்துத் தோட்டா கட்டித் தரேன்.”

மாமா தாடியைத் தடவினார். கை கறுப்பானது. “சரிம்மா, மருந்து நீ பாத்துக்குவ. அதுக்காவ இவன எதுக்குக் கட்டிக்கணும்?”

“பரங்கிப்பேட்டை மாப்ளேக்கு எல்லாம் தெரியுமாமே வாப்பா. எல்லாம் தெரிஞ்சவன் வூட்ல என் பேச்சு எடுபடுமா? இவருக்கு ஒண்ணும் தெரியாது. அது இன்னிக்கு ஊருக்கே தெரிஞ்சிபோச்சு. இனிமே எங்கிட்ட எதுத்துப் பேச முடியுமா இவரால?”

கரையே வெடித்துச் சிரித்தது. மாமா அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் குலுங்கிய குலுக்கலில் நெத்திலித் தலை கீழே விழ, பூனை அதைக் கவ்விக்கொண்டு ஓடியது. நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பாதிப் புருவத்தோடு நின்றேன். மறுநாள் ஜைனப் கட்டிய ஐந்து தோட்டாக்களும் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கின. அன்றைக்கே தேதி வைத்தார்கள்.

வருஷங்கள் ஓடிவிட்டன. நகுதாக்கள் கப்பல் கிளம்புமுன் எங்கள் வீட்டுக்கு வந்து மருந்தை என் மனைவியிடம்தான் காட்டுவார்கள். அவள் திரைக்குப் பின்னால் வெள்ளைக் காகிதத்தில் சிட்டிகை வைத்துக் கொளுத்திப் பார்த்து, சரி தவறு சொல்லி அனுப்புவாள். நான் வந்தவர்களுக்குச் சர்பத் கொடுப்பேன். அன்று அவள் சொன்ன மாதிரியே இதுநாள் வரை நான் அவளை எதிர்த்துப் பேசியதில்லை. போன ரமலானில் ஒரே ஒரு நாள், கஞ்சியில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லலாமே என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

‘டொப்’ என்றன பிள்ளைகள் அத்தனையும் ஒரே குரலில்.