வின்ரர் என்றால் எனக்குச் சரியான விருப்பம்

பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பொய்யாவது சொல்லாத ஆண்பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. சிலர் சம்பளத்தைக் கூட்டிச் சொல்வார்கள், சிலர் வயதைக் குறைத்துச் சொல்வார்கள். நான் குளிரைப் பற்றிச் சொன்னேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் அது எனக்கு இரண்டாவது வின்ரர், அதாவது குளிர்காலம். முதலாவதை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று திட்டித் தீர்த்திருந்தேன். என்னோடு அறையில் இருந்த குணம் அண்ணை பக்கத்து ஊரான அஜக்ஸில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டு வந்தார். போகும்போது காரில் எச்சரித்தார்.

“பிள்ளை சின்னனிலையே இஞ்சை வந்தது. குளிரெண்டு புலம்பின ரெண்டு பேரை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுதாம். நீ வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு.”

பெண்ணின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இந்தச் சம்பந்தம் சரிவர நான் எதற்கும் தயாராக இருந்தேன்.

கதவைத் திறந்தால், உள்ளே கால்மிதியில் ஐந்தாறு சோடிச் சப்பாத்துகள். (கனடாவுக்கு வந்து சனம் பழக்கவழக்கத்தை மறந்துவிட்டது என்று மனதுக்குள் கண்டித்தேன்.) நான் ஊரில் செய்வதுபோல வெளிப்படியிலேயே மரியாதையாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். ஸ்நோ கொட்டிக்கொண்டிருந்தது.

தேநீர் குடித்து ஊர்க்கதை பேசி ஒரு மணி நேரம் போனபின், பெண் சுமதி நேராகவே கேட்டாள்.

“உங்களுக்கு வின்ரர் பிடிக்குமோ?”

“சரியான விருப்பம். வீட்டுக்குள்ளை இருக்கவே மனம் வராது.” (குணம் அண்ணைக்குப் புரைக்கேறியது.)

“அப்ப வாங்கோ, ஒரு நடை நடந்திட்டு வருவம்.”

படியில் என் சப்பாத்துகளைக் காணவில்லை, இரண்டு வெள்ளைக் குவியல்கள்தான் இருந்தன. வாய் திறந்தால் காரியம் கெட்டுவிடும். உள்ளே இருந்த ஸ்நோவைக் கொட்டிவிட்டுக் காலை நுழைத்தேன். உயிர் உச்சந்தலைவரை ஏறி நின்றது.

நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. “எவ்வளவு அமைதியா இருக்குப் பாருங்கோ” என்றாள் சுமதி. என் பற்கள் மட்டும் அமைதியாக இல்லை. நாலாவது வீட்டு வாசலில், குவித்து வைத்திருந்த ஸ்நோவின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“என்ரை கால் இருக்கோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. நான் சொன்னது பொய். எனக்கு இந்தக் குளிரைக் கண்ணிலையும் காட்டக்கூடாது.”

என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் வீட்டில் விட்டாள். அவளுடைய அம்மா ஈரக் காலுறையைப் பார்த்தார்.

“சப்பாத்தை ஏன் தம்பி வெளியிலை விட்டனீங்கள்?”

“மரியாதைக்கு, அன்ரி.”

கால் சூடானதும் சுமதி இரண்டு கம்பளிக் காலுறைகளையும், அதற்கு மேலே மாட்ட, பாண் வாங்கிவந்த இரண்டு பிளாஸ்டிக் பைகளையும் நீட்டினாள். “இப்ப வாங்கோ” என்றாள்.

திரும்பவும் போனோம். கால் நனையவில்லை. தெருவிளக்கின் கீழே சத்தமில்லாமல் ஸ்நோ இறங்கிக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். நடக்க நடக்கப் பாண் பை சரசரத்தது. மானம் போனது பற்றிய கவலைகூட இல்லாமல் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

சம்பந்தம் முறிந்தது என்றுதான் வீடு திரும்பினேன். மூன்றாம் நாள் ஓம், சம்மதம் என்று பதில் வந்தது. சுமதி தாயிடம் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: “உந்தாளைத் தனிய விட்டா இன்னொரு வின்ரர் தாங்காது, அம்மா.”

என் மாமியாகிவிட்ட சுமதியின் அம்மா இதைச் சொல்லிச் சிரிக்காத கலியாணவீடு இல்லை. இப்போது ஸ்நோ விழுந்தால் முதலில் நடக்க வெளிக்கிடுவது நான்தான். “உந்தக் குளிருக்குள்ளை ஆர் வாறது” என்று போர்வையை இழுத்து மூடுவது சுமதி. அதை மட்டும் மாமி ஒருவருக்கும் சொல்வதில்லை.